மூன்றாவது மேசை அம்மோனியா

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஒன்றாம் வகுப்புப் பொடிசு முதல் தலைமையாசிரியை வரைக்கும் எல்லோருக்கும் அவள் மூக்கக்காதான். மூக்கு பெரிது என்று நினைத்துவிடாதீர்கள். அளவான மூக்கு, சொல்லப்போனால் கொஞ்சம் சப்பை. பெயர் வந்தது அது செய்கிற வேலையால்.

செய்முறைத் தேர்வு நாளில் காலையிலேயே போனால் பார்க்கலாம். வேதியியல் ஆய்வகத்தில் பத்து மேசை. மேசைக்கு ஒரு அம்மோனியா பாட்டில். ஒவ்வொன்றையும் எடுத்து, முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கண்ணாடி மூடியைத் திருகித் திறந்து, உள்ளங்கையால் காற்றைத் தன் பக்கம் விசிறுவாள். கண்ணில் தண்ணீர் முட்டினால் பாட்டில் பாஸ். முட்டவில்லையென்றால் அவ்வளவுதான், மொத்தத்தையும் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவாள். பத்தும் முடிந்ததும் முதல் மேசையிலிருந்து மறுபடி ஒரு சுற்று. ஆக மொத்தம் இருபது முறை கண் கலங்கி, மூக்கு சிவந்து, துக்க வீட்டிலிருந்து நேராக வந்தவள் மாதிரி நிற்பாள்.

வேதியியல் சார் சின்ன வயசுக்காரர். வாய்த்துடுக்கு வேறு. "ஏன்க்கா, பரீட்சைக்குப் பிள்ளைங்கதான் அழணும். நீங்க ஏன் முந்திக்கறீங்க?" என்பார்.

"உங்களுக்கென்ன சார், உங்க பாட்டுக்குக் கேள்வித்தாளோட வருவீங்க. பாட்டில் சொதப்பினா யார் தலை உருளும்?"

"யார் தலை?"

"பிள்ளைங்க தலைதான்" என்பாள். அதற்கு மேல் அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாத அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஆய்வகம் என்றால் ஒரே நீளக் கூடம். நடுவில் இடுப்புயரச் சுவர். இந்தப் பக்கம் வேதியியல், அந்தப் பக்கம் உயிரியல். இரண்டுக்கும் சேர்த்து ஆசிரியர்கள் நாலு பேர். அவர்கள் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுக்க இவள் ஒருத்தி. இந்தப் பக்கம் பியூரெட் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து "அக்கா, வெங்காயம்!" என்று குரல் வரும். வெங்காயத்தை நாலாக வகுந்து, உள்தோலை இடுக்கியால் உரித்து, கண்ணாடித் தகட்டில் சுருக்கம் விழாமல் பரப்பி, ஒரு சொட்டுச் சாயம் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடி போட்டுக் கொடுப்பாள். காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்காது. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கை பிள்ளைகளுக்கு வராது, ஆசிரியர்களுக்கே வராது. இவ்வளவுக்கும் அவள் படித்தது எட்டாம் வகுப்பு. தன் பெயரில் ஒரு செய்முறைக் குறிப்பேடு அவளுக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை.

அந்த வேலைக்கு அவள் வந்தது முப்பத்திமூன்று வயதில். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் வண்டியின் மேலேயிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுக்கையில் கிடந்த வருஷம். வேலையும் நிரந்தரமில்லை, தற்காலிகம். "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொன்னால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒன்பது வயது மகள் அதே பள்ளிக்கூடத்தில் படித்தாள். மணி அடித்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆய்வகத்துக்கு ஓடிவந்து, உயிரியல் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளும். ஈரப் பஞ்சில் பட்டாணியை வைத்து முளைக்கவிட்டு, தினம் ஸ்கேலால் அளந்து, ஒரு பழைய நோட்டில் எழுதும். "இன்னைக்கு ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்கும்மா!" என்று அது போடுகிற கூச்சலில் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். அப்படித்தான் அவளுக்குப் பட்டாணி என்று பெயர் வந்தது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பட்டாணி பெரியவளாகி ஆய்வக வகுப்புக்கே மாணவியாக வந்தபோது, தாய் ஒரு சட்டம் போட்டாள். "இங்க பாரு, இந்தக் கதவுக்கு உள்ள நான் உனக்கு அம்மா இல்ல. எல்லாப் பிள்ளைங்க மாதிரி அக்கான்னு கூப்பிடு. ஓரவஞ்சனை பண்றேன்னு ஒரு வாய் பேசிடக் கூடாது."

"பெத்த அம்மாவ அக்கான்னு கூப்பிடணுமா?"

"கூப்பிடு. வாய் வலிக்காது."

கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். "அக்கா, டெஸ்ட் டியூப் ஒண்ணு குடுங்க" என்று மகள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்பாள். "எடுத்துக்கோம்மா" என்று தாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கொடுப்பாள். வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

பட்டாணிக்கு மருந்தியல் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்பாவின் தலைமாட்டில் இருக்கிற மருந்து அட்டைகளையெல்லாம் எடுத்துப் பின்னால் அச்சடித்திருப்பதை வாசித்துக்கொண்டிருக்கும் பெண் அது. இறுதித் தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வை வெளுத்து வாங்கிவிட்டாள். பாக்கி செய்முறைத் தேர்வுதான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, மூன்றாவது மேசை அம்மோனியா பாட்டிலின் கண்ணாடி மூடியை யாரோ கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். கையில் மாற்று மூடி இல்லை, வாங்கி வர வேண்டும். காகிதத்தைச் சுருட்டி அடைத்துவைத்தாள். வெயில் காலம், ஜன்னலோர மேசை. அம்மோனியா என்பது தண்ணீருக்குள் அடைத்துவைத்த காற்று மாதிரி. வழி கிடைத்தால் போய்விடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தேர்வன்று காலையில் எல்லாப் பாட்டிலையும் புதிதாக நிரப்பத்தானே போகிறோம், அப்போது மூடியும் மாற்றிவிடலாம் என்று விட்டுவிட்டாள்.

காலையில் நிரப்பினாள். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து. மூன்றாவது மேசையை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டாள். ஏனென்றால் தேர்வெண் வரிசைப்படி அந்த மேசை பட்டாணிக்கு. தன் மகள் மேசையை முதலில் கவனித்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! எல்லோருக்கும் வைத்துவிட்டு, கடைசியில் தன் பிள்ளைக்கு வைப்போம். பத்தாவது மேசை முடிந்து அவள் திரும்புகிற நேரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "அக்கா, ஸ்லைடு காயுது, ஓடி வாங்க!" என்று சத்தம். ஓடினாள். எட்டு ஸ்லைடுக்கும் மறுபடி சாயம் விட்டு நிமிர்ந்தபோது மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். பட்டாணி மூன்றாவது மேசைக்குப் போய் நின்று, தாயைப் பார்த்துப் பார்க்காத மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தாய்க்குப் பாட்டில் மறந்தே போனது.

அன்று பட்டாணிக்கு என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வந்தது துத்தநாக உப்பு. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளையாகத் திரளும். இன்னும் விட்டால் அந்த வெள்ளை கரைந்து தெளிந்துவிடும். தெளிந்தால் துத்தநாகம், தெளியாவிட்டால் அலுமினியம். பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமே அதுதான். அம்மோனியாவில் வீரியம் இல்லையென்றால் துத்தநாகமும் தெளியாது.

சாயங்காலம் பட்டாணி வாசலிலேயே காத்திருந்தாள். "அலுமினியம்மா! எவ்ளோ விட்டும் கரையவே இல்ல. சூப்பரா எழுதிட்டேன்."

உப்புப் பொட்டலங்களை மடித்து எண் போட்டவள் தாய்தானே. அந்த எண்ணுக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா? "சாவியை வச்சுட்டு வந்துட்டேன், இரு" என்று திரும்பி ஓடினாள். மூன்றாவது மேசைக்குப் போய்ப் பாட்டிலை எடுத்து, காகிதத்தைப் பிடுங்கி, கையால் விசிறினாள். ஒன்றுமில்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். பாட்டிலின் வாயில் மூக்கையே வைத்தாள். ஏதோ பழைய தண்ணீர் மாதிரி ஒரு வாடை, அவ்வளவுதான். கண் கலங்கவே இல்லை. அதன் பிறகுதான் கலங்கியது.

மறுநாள் காலையில் தலைமையாசிரியையின் அறை வாசல்வரை போனாள். அறைக்குள் மேசைமேல் அவளை நிரந்தரமாக்குவதற்கான கோப்பு கையெழுத்துக்குக் கிடந்தது. எட்டு வருஷம் காத்திருந்த கையெழுத்து. தேர்வு நாளில் ஒரு பாட்டிலைக் கவனிக்கத் தெரியாதவளை யார் நிரந்தரமாக்குவார்கள்? வீட்டில் படுக்கையில் ஒரு மனிதர். போன வழியே திரும்பி வந்துவிட்டாள். மதிப்பெண் வரட்டும், ஒருவேளை தேறிவிடும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தேறவில்லை. மருந்தியல் இடம் மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. உப்புக்குப் போனது எட்டு.

பட்டாணி அழவில்லை. அது அடம்பிடித்தது. "நான் பார்த்ததைத்தான் எழுதினேன். கரையலம்மா. சத்தியமா கரையல. பெரிய டீச்சர்கிட்ட சொல்லி ஒரு தடவ பார்க்கச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கோப்பில் கையெழுத்து விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பயம் நாக்கைப் பிடித்து இழுத்தது. சொல்ல வேண்டியதை மென்று விழுங்கிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"நீ சரியாப் பார்த்திருக்க மாட்டே."

அவ்வளவுதான். பட்டாணி "சரி" என்றாள். அந்தச் 'சரி'யோடு அந்த வீட்டில் வழக்கமாக இருந்த சண்டை, சிரிப்பு, கத்தல் எல்லாம் நின்றுபோயின. கிடைத்த இடத்தில், ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில், வேதியியலே எடுத்துப் படித்தாள். அங்கேயே ஆசிரியை ஆனாள், அங்கேயே கல்யாணம் ஆயிற்று. அப்பா போனபோது வந்து மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள்.

கோபம் என்று சொல்லிவிடவும் முடியாது. மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்குப் போன் வரும். "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? முட்டிவலி பரவாயில்லையா? சரி, உடம்பைப் பாத்துக்கங்க." நாலே கேள்வி. மருத்துவமனையில் நர்ஸ்கூட இன்னும் நாலு வார்த்தை கூடப் பேசுவாள். மூக்கக்கா ஒன்பதரைக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியங்களைக் கோத்துவைத்திருப்பாள். அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு பயம் வரும்: சொன்னால் இந்த நாலு கேள்வியும் போய்விடுமே! "ஆச்சும்மா, போட்டேன்மா, பரவாயில்லம்மா" என்பாள். போனை வைத்த பிறகு ஏங்குவாள் பாருங்கள், அந்த ஏக்கத்தைப் பத்து மேசைப் பாட்டிலில் நிரப்பினாலும் மிச்சம் இருக்கும். அந்தப் பெண் ஒருநாள் கத்த மாட்டாளா, பழையபடி எதிர்த்துப் பேச மாட்டாளா என்று பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்தாள்.

ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற தேர்வாளரின் பெயரை வேதியியல் சார் வாசித்தபோது, மூக்கக்கா கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டாள். இல்லையென்றால் விழுந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ஐந்தாவதாக ஒரு வாக்கியம் வந்தது. "தேர்வுக்கு அங்க வர்றேன். வேலையா வர்றேன், அதனால யார்கிட்டயும் எதுவும் சொல்லிக்க வேண்டாம். சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிடுவேன்."

"சரிம்மா" என்றாள் தாய். சரி என்றாளே தவிர, கட்டில் விரிப்பைத் துவைத்தாள். தலையணைக்குப் புது உறை தைத்தாள். பஸ் தவறிப்போகவும் கூடும் இல்லையா?

தேர்வன்று காலையில் பாட்டில்களை இரண்டு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று முகர்ந்தாள். இந்தத் தடவை எதனால் கண் கலங்குகிறது என்றே தெரியவில்லை. எட்டே முக்காலுக்குப் பட்டாணி உள்ளே வந்தாள். தோளில் பை, கண்ணில் கண்ணாடி, காதோரம் இரண்டு நரை. தன் பிள்ளைக்கு நரை விழுந்திருப்பதைப் பார்க்கிற தாய்க்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"வாங்க மேடம்" என்றாள் மூக்கக்கா.

"வணக்கம்" என்றாள் மகள். அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை.

பத்தரை மணிக்கு மூன்றாவது மேசையில் சிக்கல் வந்தது. அங்கே நின்ற பெண், தொளதொளவென்று ஒரு வெள்ளைக் கோட்டு போட்டிருந்தது, சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகச் சொன்னது: "கரையல மேடம். நிஜமா கரையல. நான் பாக்கறதைத்தான் எழுதறேன், ஆனா எனக்குப் பயமா இருக்கு."

மூக்கக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். தேர்வாளர் மேடம் என்ன சொல்லப்போகிறாள்?

பட்டாணி முதலில் மேசைமேல் இருந்த அம்மோனியா பாட்டிலை எடுத்தாள். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மூடியைத் திறந்து விசிறினாள். கண் கலங்கியது. பிறகுதான் பெண்ணிடம் திரும்பினாள். "பாட்டில் நல்லா இருக்கு. நீ நாலு சொட்டோட நிறுத்திட்டே போல. புதுசா எடுத்து இன்னொரு தடவ பண்ணு. நிதானமா விடு."

வேதியியல் சார் சும்மா இருப்பாரா? "மேடம், எங்க மூக்கக்கா பாட்டிலையா சோதிக்கறீங்க! ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ மோந்து பார்த்து, ஒரு குடம் கண்ணீர் விட்டுத்தான் மேசைக்கு அனுப்புவாங்க. அதனாலதான் அந்தப் பேரே" என்று சிரித்தார்.

பட்டாணி சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற தாயைத் திரும்பிப் பார்த்தாள். மகளுக்குப் பொறி தட்டிவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே மூக்கக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருஷம் அந்தக் கூடத்திலேயே வளர்ந்த பிள்ளை அது. தாய் எந்தப் பாட்டிலை எப்படி எடுப்பாள், எங்கே வைப்பாள் என்று அதற்குத் தெரியாதா?

மூன்றரை மணிக்குத் தேர்வு முடிந்தது. சார் மதிப்பெண் தாள்களை உறையில் போட்டு முத்திரை வைக்க அலுவலகத்துக்குப் போனார். மூக்கக்கா தொட்டியடியில் நின்று சோதனைக் குழாய்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"நான் படிக்கும்போது நீங்க இப்படி மோந்து பார்த்ததில்லையே."

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

பத்தொன்பது வருஷம் கோத்துவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. "உன் பரீட்சை முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்து" என்றாள்.

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டாணி கை நீட்டி அதை மூடினாள். "சொல்லுங்க."

சொன்னாள். உடைந்த மூடி, காகித அடைப்பு, கடைசிக்கு ஒதுக்கி வைத்த மேசை, காய்ந்துபோன ஸ்லைடு, தலைமையாசிரியையின் வாசல், கோப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். "எல்லாருக்கும் ஊத்திட்டு உனக்கு ஊத்தலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்டி. மறந்ததுகூடப் பரவாயில்ல. தெரிஞ்ச அப்புறமும் வாயைத் தொறக்கல பாரு, அதுதான் தப்பு. அதுக்கு மேல உன்னையே குத்தம் சொன்னேன்."

பட்டாணி மூன்றாவது மேசைக்குப் போனாள். ஒரு காலிப் பாட்டிலில் கொஞ்சம் அம்மோனியாவை ஊற்றி, நிறையத் தண்ணீர் சேர்த்து, தாயிடம் நீட்டினாள். "இவ்ளோதான் இருந்துச்சா?"

மூக்கக்கா முகர்ந்தாள். "இன்னும் கொஞ்சம் தண்ணி விடு."

விட்டாள். மறுபடி நீட்டினாள்.

"ஆமா. இப்படித்தான்."

துத்தநாக உப்பைச் சிட்டிகை எடுத்து ஒரு சோதனைக் குழாயில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். வெள்ளை திரண்டது. இன்னும் விட்டாள், இன்னும் விட்டாள். குழாய் கழுத்துவரை நிரம்பிவிட்டது. வெள்ளை அப்படியே நின்றது.

"கரையல" என்றாள் பட்டாணி.

"கரையல. நீ பார்த்தது சரி. நீ எழுதினது சரிதான்டி."

"வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவ திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். பிள்ளைங்க பேப்பரை ரெண்டு தடவ திருத்துவேன். அடுப்பை அணைச்சேனான்னு பாதி வழியில இறங்கித் திரும்புவேன். உனக்கு என்ன வியாதின்னு எங்க வீட்டுக்காரரு கேப்பாரு." பட்டாணியின் குரல் உயரவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "என் கண்ணை நான் நம்பி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? தேர்வாளரா போறதுக்கான லிஸ்ட்டுல ரெண்டு ஸ்கூல் இருந்துச்சு. இதை நான்தான் கேட்டு வாங்கினேன். இந்த மேசைக்கு வந்து, நான் எங்க தப்புப் பண்ணேன்னு ஒரு தடவ பார்த்துடலாம்னு வந்தேன்."

குழாயைத் தாங்கியில் வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலில் எதிரே வந்த சார், "என்ன மேடம், அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? டீ சொல்லியிருக்கேன்" என்றார். "வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பஸ் தவறவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தபோது அந்தக் குழாயில் வெள்ளை அடியில் படிந்திருந்தது. மேலே தெளிந்த தண்ணீர். "இதென்னக்கா, கழுவாம வச்சிருக்கீங்க? உங்க சரித்திரத்துலயே கிடையாதே" என்றார் சார்.

"அது என்னோடது சார். கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு பகல் இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தாள். பயந்தது நடந்துவிட்டது. நாலு கேள்வியும் போய்விட்டன. கட்டில் விரிப்பு துவைத்த மடிப்பு கலையாமல் கிடந்தது. நாமே கூப்பிடலாமா என்று எண்ணை எடுப்பாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று வைத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் வெங்காயம் உரித்தாள், இலையைக் கொதிக்கவைத்துப் பச்சையை இறக்கினாள், பியூரெட் கவிழ்த்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசு பத்து மணியிலேயே நின்றது.

அதற்கடுத்த மாதம். முதல் ஞாயிறு. பத்தாயிற்று. பத்தேகால் ஆயிற்று. இனிமேல் வராது என்று எழுந்து உலை வைக்கப் போனாள். பத்தரைக்கு மணி அடித்தது. அரிசிக் கையோடு ஓடினாள்.

"நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

சாப்பிட்டீர்களாவும் இல்லை, மாத்திரையும் இல்லை. எடுத்த எடுப்பில் அதுதான்.

"எத்தனை தடவ கேட்டேன் அன்னைக்கு! கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டேனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னத்தக் குறைஞ்சிருப்பே? வேலை போயிருக்கும். போனா போகட்டும்! நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சிருப்போம், நானும் கூட வந்து தேய்ச்சிருப்பேன்ல? என்னைத் தனியா முட்டாளாக்கிட்டு நீ பாட்டுக்கு உக்காந்து பாட்டிலை மோந்துக்கிட்டிருந்தியா?"

"ஆமாடி" என்றாள் மூக்கக்கா.

"ஆமாவாம்! சொல்றதைப் பாரு! அப்பா செத்தப்ப வந்தேனே, அப்பவாவது சொன்னியா?"

"சொல்லல."

"அதுவும் போகட்டும். பெத்த பொண்ணை, அக்கான்னு கூப்பிடுன்னு சொன்னவதானே நீ! உலகத்துல எவளாவது சொல்வாளா? அப்பவே எனக்கு எவ்ளோ ஆத்திரம் வந்துச்சு தெரியுமா?"

"நீதான் சிரிச்சியேடி."

"சிரிச்சேன். அதுக்காக ஆத்திரம் இல்லேன்னு ஆயிடுமா? குறுக்கப் பேசாதே!"

குறுக்கே பேசவில்லை. காது சுட்டது, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். மறுமுனையில் பட்டாணி கத்தினாள், மூக்கை உறிஞ்சினாள், அழுதாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் யாரோ ஒரு ஆண் குரல் மெதுவாக ஏதோ கேட்டது. "எங்கம்மாகிட்ட பேசிட்டிருக்கேன், போங்க!" என்று அதற்கும் ஒரு அதட்டல் விழுந்தது. தரையில் அரிசி சிதறிக் கிடந்தது. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் திட்டினாள் பட்டாணி. பிறகு சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

மூக்கக்கா சிதறிய அரிசிக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் ஈரம். அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. மறுபடி மணி அடித்தது.

"இன்னொண்ணு திட்ட மறந்துட்டேன்."

மூக்கக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லு பட்டாணி. நான் எங்கயும் போகல."